நடுவில் நின்றுபோகிற பாட்டு

எங்கள் பக்கத்தில் டிஜே என்றால், ஸ்பீக்கர் பொக்ஸ் வாடகைக்குக் கொடுக்கிறவரோடு கூட வருகிற பெடியன் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள், அவன் சொந்தமாகப் பாட்டும் கட்டுவான் என்று சொன்னால், "எந்தப் படத்துக்கு?" என்று கேட்பார்கள்.

நான் படத்துக்குக் கட்டுவதில்லை. சுன்னாகத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில், காயவைத்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் லப்டொப்பை வைத்துக்கொண்டு, ஆடுவதற்கான இசை செய்கிறேன். அதில் யாரும் பாடுவதில்லை. நீங்களும் ஒரு கறியையோ, சட்டையையோ, கவிதையையோ செய்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அப்படி நின்றவர்களுக்கு என் பாடு விளங்கும்.

இது ஒரேயொரு பாட்டின் கதை. அதற்கு நான் வைத்த பெயர் 'கதவு'. என் அம்மப்பா கதை சொல்லும்போது, பேய் கதவைத் திறக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டுச் சுருட்டைப் பற்றவைப்பார். நாங்கள் மூச்சுவிடாமல் இருப்போம். அந்த நிறுத்தத்தை இசையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். மாமாவின் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெஷினின் சத்தத்தைப் பதிந்து, அதையே தாளமாக்கி, மேலே மேலே ஏற்றி, உச்சியில் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தினேன். ஒரு நீண்ட மூச்சு இழுக்கிற நேரத்துக்கு ஒன்றுமே கேட்காது. பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழும். அந்த ஒன்றுமில்லாத இடத்துக்காகத்தான் பாட்டே. அது என்னைத் தவிர வேறு யாருக்காவது கேட்குமா என்று அறியத்தான் ஆசை.

குசினியிலிருந்து வந்த தீர்ப்பு

வீட்டில் முதன்முதலாகச் சத்தமாகப் போட்டது ஒரு சனிக்கிழமைக் காலையில். தங்கச்சி படித்துக்கொண்டிருந்தாள். அம்மா குசினியில் நின்றார். தாளம் ஏறிக்கொண்டே போனது. நிறுத்தம் வந்தது. வீடு முழுக்க அமைதி. அம்மப்பா சுருட்டைப் பற்றவைத்த அதே அமைதி என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

என் தலைக்கு மேல் மின்விசிறி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அதை யார் பார்த்தார்கள்? குசினியிலிருந்து அம்மாவின் குரல் பாய்ந்து வந்தது: "கறண்ட் போயிட்டுது! ஒருத்தரும் ஃபிறிட்ஜைத் திறக்காதேங்கோ, மீன் கிடக்கு!"

இலண்டனில் கேட்ட ஹெலிகொப்டர்

பாட்டை இணையத்தில் ஏற்றினேன். கொஞ்சக் காலத்தில் இலண்டனிலிருந்து வருகிற ஒரு சின்ன இசைத் தளம் அதைப் பற்றி எழுதியது. என் வாழ்க்கையில் வந்த முதல் விமர்சனம். தொடக்கத்தில் கேட்கும் இரைச்சல் போர்க்காலத்து ஹெலிகொப்டர் என்றும், நடுவில் வரும் மௌனம் ஒரு மண்ணின் துயரம் என்றும் அதில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் கடைசிவரை கேட்டிருக்கிறார், அந்த இடத்தில் நின்றிருக்கிறார். அவருடைய ஊரில் கறண்ட் போவதில்லை போலும். ஆனால் நான் செய்ததை அவர் கேட்டாரா, அவர் கேட்டதைத்தான் நான் அறியாமல் செய்தேனா என்று நாள்கணக்காக யோசித்தேன்.

மெஷின் மாமாவுடையது என்பதால் அந்த விமர்சனத்தை அவருக்கும் தமிழில் சொல்லிக் காட்டினேன். வெங்காயப் பாத்திக்கு நடுவில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கவனமாகக் கேட்டார். துயரம் என்ற இடத்தில் தலையைக்கூட ஆட்டினார். பிறகு சொன்னார்: "அந்தாளுக்கு ஒருக்கால் எழுதிவிடு, நான் பிளக் மாத்திப்போட்டன், இப்ப மெஷின் உப்பிடிச் சத்தம் போடுறேல்லை எண்டு."

கொடிகாமத்துக் கடைத்திறப்பு

கொடிகாமத்தில் ஒரு போன் கடை திறப்புவிழா. சந்தைக்கு வந்த சனம், மரக்கறிப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் 'கதவை' மெல்ல உள்ளே விட்டேன். கடை முதலாளி மரியாதையான மனிதர், யாரோ பாடப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார். மரக்கறிப் பைகளில் ஒன்றிரண்டு ஆடத் தொடங்கியதுபோலக்கூட எனக்குத் தெரிந்தது.

நிறுத்தம் வந்ததுதான் தாமதம், கடையில் வேலை செய்கிற ஒருவர் பின்பக்கம் ஓடிப்போய் ஜெனரேற்றரை இழுத்து விட்டார். அவ்வளவு வேகமான ஆளை நான் கண்டதில்லை. என் தாளம் திரும்பி வந்தபோது அது ஒருவருக்கும் கேட்கவில்லை. வீதியெல்லாம் புகை. முடிந்ததும் முதலாளி என் தோளில் கைபோட்டார்: "குறை நினையாதேயும் தம்பி, ஜெனரேற்றர் ஓடத் தொடங்கின பிறகுதான் உம்மடை பாட்டுக் களைகட்டினது."

றெஜி அண்ணையின் கணக்கு

ஸ்பீக்கர் பொக்ஸ்கள் குருநகர் றெஜி அண்ணையுடையவை. கலியாண வீடு, கோயில் பெருநாள், கடைத்திறப்பு எதற்கும் அவர் கூப்பிட்டால்தான் எனக்கு மேடை. கொடிகாமத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் வான் வண்டியின் ரேடியோவை அணைத்துவிட்டு, வீதியையே பார்த்து ஓட்டினார். கோபமா என்று கேட்டேன். "கோபமில்லை. யோசிக்கிறன்" என்றார். அடுத்த கிழமை அவருடைய சகோதரியின் மகளுக்குக் கலியாணம், பகல் விருந்து. அதில் என் பாட்டு ஒன்று போடலாம் என்று ஏற்கெனவே வாக்குத் தந்திருந்தார்.

"நிப்பாட்டுறதை வெட்டிப்போடன்" என்றார். வீட்டுக்கு வந்து வெட்டியும் பார்த்தேன். பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. பேய் கதவைத் திறக்காமலே உள்ளே வந்து கதிரையில் இருந்தமாதிரி இருந்தது. வெட்டினது, வெட்டாதது இரண்டையும் கொண்டுபோவேன் என்று போனில் சொன்னேன். அவர் சொன்னார்: "எதைப் போடுறதெண்டு நீயே பார். ஆனா என்ரை சொந்தக்காரருக்கு முன்னாலை உது பிழைச்சுதெண்டால், பிறகு நீ கட்டுற பாட்டு உன்ரை அறையோடை. மேடையிலை சினிமாப் பாட்டு மட்டும்தான்."

குருநகர்

மண்டபத்தில் பைலாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கலியாணப் பொம்பிளையின் சித்தப்பாமார், கடலுக்குப் போகிறவர்கள், கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு ஆடினார்கள். என் முன்னால் இரண்டு 'கதவுகள்'. கை வெட்டாததன் பக்கம் போனது. றெஜி அண்ணை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் சத்தம் வந்ததும் ஆட்டம் தளர்ந்தது. சிலர் கதிரைக்குத் திரும்பினார்கள். அப்போது ஒரு சித்தப்பா, "டேய், எங்கடை போட் சத்தமடா!" என்றபடி ஒரு கையைப் பின்னால் நீட்டி, எஞ்சின் பிடிக்கிறமாதிரிக் குனிந்து ஆடத் தொடங்கினார். மாமாவின் மெஷின், இலண்டனின் ஹெலிகொப்டர், இங்கே படகாகிவிட்டது. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வரிசையாக எஞ்சின் பிடித்தார்கள். தாளம் ஏறியது. படகுகளும் வேகமெடுத்தன. நிறுத்தம் வந்தது.

கறண்ட் போனால் ஒரு மண்டபம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். சின்னது பெரிசு எல்லாம் சேர்ந்து, "ஓஓஓ!" என்று கத்தியது. மேலே விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. வாசலில் றெஜி அண்ணையைக் காணவில்லை; ஜெனரேற்றருக்கு ஓடியிருப்பார். என் ஒன்றுமில்லாத இடம் அந்தக் குரலால் விளிம்புவரை நிரம்பியது. அது தணியப்போகிற நேரத்தில் தாளம் வந்து விழுந்தது. கறண்ட் வந்தால் கத்துகிற கத்து இன்னும் பெரிது அல்லவா? அதையும் கத்திக்கொண்டு எல்லோரும் குதித்தார்கள். கதிரையில் இருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள். றெஜி அண்ணை ஜெனரேற்றர் இழுக்கிற கயிறும் கையுமாகத் திரும்பி வந்து, விளக்கைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சரி என்பதுபோலத் தலையை ஒருபக்கமாகச் சரித்தார்.

அவர் வாய் திறக்குமுன்பே, எஞ்சின் பிடித்த சித்தப்பா வேர்வை வழிய என் மேசைக்கு வந்துவிட்டார்: "தம்பி, அந்தக் கறண்ட் போற பாட்டை இன்னொருக்கால் போடும்!"

இப்போது எங்கே போனாலும் அதை அந்தப் பெயரில்தான் கேட்கிறார்கள். போன மாதம் பண்டத்தரிப்பில் ஒரு பகல் விருந்தில் அதைப் போட்டபோது நடுவில் மெய்யாகவே கறண்ட் போய்விட, தாளம் வந்து விழும் என்று நம்பிக் கையைத் தூக்கியபடியே நின்ற அந்தச் சனம்தான் இதுவரை எனக்குக் கிடைத்த மிகப் பொறுமையான ரசிகர்கள், அந்த நேரத்தில் என் பாட்டு ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பது மட்டும்தான் குறை.