சொல்லி அனுப்பிய வார்த்தை

கொட்டுகிற மழையில் அருவி பார்க்கக் கிளம்பிய குடும்பம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். மகளுக்குப் போக விருப்பமில்லை, மருமகனுக்கும் இல்லை. எனக்கு முழங்கால் வலி. என் வீட்டுக்காரருக்கு மட்டும் உற்சாகம்; ஊரில் எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் தினமும் படம் அனுப்பியாக வேண்டும். ஆனாலும் காலை எட்டு மணிக்கே நான்கு பேரும் காரில் ஏறிவிட்டோம். தம்போயில் இருந்த மகள் வீட்டுக்குள் இன்னொரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க யாருக்கும் தெம்பில்லை, அவ்வளவுதான்.

தென்காசியிலிருந்து நாங்கள் வந்து ஒன்பது நாளாகியிருந்தது. மகளும் மருமகனும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அதுவரை, பெரியவர்கள் முன்னால் கூச்சப்படுகிறார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல. சாப்பாட்டு மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவளுக்கு, "அத்தை, சம்பால் வேணுமான்னு கேளுங்க" என்பார் அவர். "வேண்டாம்னு சொல்லும்மா" என்பாள் இவள். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நடுவில் நான் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு.

காரணத்தை மகளிடமிருந்து, துணி மடிக்கிற சாக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தேன். மருமகனுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதை விட்டுவிட்டு சிங்கப்பூர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். விடிவதற்கு முன்பே எல்லைப் பாலம் தாண்டப் போய்விட்டு, இருட்டிய பிறகு திரும்பி வர வேண்டிய வேலை. லாபிஸில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு அது தெரியும், அண்ணிக்கும் தெரியும். இவளுக்கு, அண்ணி கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. சொன்னால் வேண்டாம் என்பாய், அதனால்தான் சொல்லவில்லை என்றாராம்.

அருவிக்குக் கிளம்புகிற அன்று காலையில், துண்டு எடுக்க அவர்கள் அறைக்குள் போனேன். அலமாரிக்குப் பக்கத்தில் மகளின் பெரிய பெட்டி இருந்தது. நகர்த்திப் பார்த்தேன், நகரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம்.

"நானும் உங்ககூட வரேம்மா. டிக்கெட் போட்டாச்சு. அவருக்குத் தெரியும்" என்றாள் மகள், தலையைப் பின்னிக்கொண்டே.

எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். பின்னலை முடித்துவிட்டுத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே மகள், கடல் தாண்டிக் கொடுத்துவிட்டோமே என்று ஐந்து வருடமாகப் புலம்பிக்கொண்டிருப்பவள் நான். அடுத்த நொடி அந்தப் பெட்டியின் கனம் நினைவுக்கு வந்தது.

முதலில் கண்ணாடிக் கோயிலுக்குப் போனோம். சுவர், தூண், கூரை எல்லாம் கண்ணாடிச் சில்லு. எங்கே திரும்பினாலும் எங்கள் நாலு பேரின் உம்மென்ற முகம்தான் நூறு துண்டாகத் தெரிந்தது. அங்கிருந்து கோத்தா திங்கி அருவி. ஒரு மணி நேரம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், தண்ணீர் அதிகம் என்று வாசலைப் பூட்டி வைத்திருந்தார்கள். குற்றாலத்தில் என்றால் தூரத்தில் நின்றாவது பார்க்க விடுவான் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். பிறகு பூட்டிய வாசலைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார்.

திரும்பும் வழியில்தான் மாட்டிக்கொண்டோம். முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. "பஞ்சிர் லா மாமா" என்றார் மருமகன். வெள்ளத்துக்கு அங்கே எல்லோரும் சொல்கிற பேர் அது. தாழ்வான இடத்தில் தண்ணீர் சாலையை மூடிவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், ஒரு பக்கம் நிரம்பி ஓடும் வாய்க்கால். திருப்பவும் இடமில்லை. கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் வெளுத்துப்போய், வெளியே என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை. காருக்குள் நாங்கள் மட்டும்தான் இருந்தோம்.

"அத்தை, பின்னாடி ஏசி போதுமான்னு கேளுங்க."

"போதும்னு சொல்லும்மா."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் என்ன உரிமையில் கோபப்படுவது? இந்தத் தூது வேலை எனக்குத்தான் புதிது, என் மகளுக்கு அல்ல. அவளுடைய பத்து வயதில் அவள் இதைத்தான் செய்தாள். தங்கையின் பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், எனக்கு வெளியூர்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேரச் சொல்லி வேலை உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிரித்துப் படித்துவிட்டுப் பீரோவில் வைத்துவிட்டார். சேர வேண்டிய நாள் தாண்டிய பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. எட்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அப்பாவைச் சாப்பிட வரச் சொல், அப்பாவிடம் பால் வாங்கி வரச் சொல், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் குழந்தைதான். கடைசியில் ஒருநாள் அவள் சமையலறைக்கு வந்து, "தான் செஞ்சது தப்புன்னு அப்பா சொல்லச் சொன்னாங்க" என்றாள். நேரில் சொல்லத்தான் மனுஷனுக்கு வாய் வரவில்லை போல என்று நான் இறங்கி வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேலையை மறந்தேன்.

வண்டி நின்று ஒரு மணி நேரம் இருக்கும். சர்க்கரைக்காரியான எனக்கு அதற்கு மேல் தாங்காது. கதவைத் திறந்து பார்த்ததில், சற்றுத் தள்ளி மேட்டில் ஒரு மூடிய சாப்பாட்டுக் கடை தெரிந்தது, பின்புறம் கழிப்பறை இருந்தது. மருமகன் குடை பிடித்துக் கூட்டிப்போனார். நல்ல பிள்ளைதான். நான் முடித்துவிட்டு வந்தபின், கடைத் தகரத்தின் கீழ் வைத்து நேராகவே கேட்டேன்: அவள் பெட்டி கட்டி வைத்திருக்கிறாளே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அவர் மழையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "போவணும்னா போவட்டும் அத்தை. நான் தடுக்கல. அப்படியே சொல்லிடுங்க."

என்னைக் காரில் விட்டுவிட்டு, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவர் முன்னால் நடந்தார். என் வீட்டுக்காரர் முன்சீட்டில் பெல்ட் போட்டபடி போனை நோண்டிக்கொண்டிருந்தார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சட்டென்று வந்துவிட்டது: "உன்னைப் போக வேண்டாம்னு சொல்லச் சொன்னாருடி. செஞ்சது தப்புத்தானாம். அழாத குறை."

மகள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்மா. இப்படி மாத்திச் சொல்றதெல்லாம் நான் பத்து வயசுலயே பண்ணிட்டேன்."

"என்னடி சொல்றே?"

"அப்பா தப்புன்னு சொல்லவே இல்ல. நானா சொன்னது. எனக்கு முடியலம்மா அப்போ. நீ சோத்தத் தட்டுல போடுற சத்தம் கேட்டாலே பயமா இருக்கும்."

முன்சீட்டில் போனில் ஓடிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. அந்த நேரம் பார்த்து மருமகன் தொப்பலாக நனைந்து வந்து ஏறினார். "அத்தை, தண்ணி வடிய இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவுமாம். சொல்லுங்க."

"நான் யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை. நீங்க சொன்னத நான் பொய்யா மாத்தித்தான் இவகிட்ட சொன்னேன். நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

துடைப்பான் கண்ணாடியில் இரண்டு முறை போய் வந்தது. அவர் திரும்பாமலே சொன்னார், "போவணும்னா போ. தடுக்கலன்னு சொன்னேன்."

"அத என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாதா உங்களுக்கு?" என்றாள் மகள். பல வாரத்துக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிவிட்டாள். அவரும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மூடிய கடையின் தகரத்துக்குக் கீழே இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். கை நீட்டி நீட்டி, ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் ஆரம்பித்து, முக்கால் மணி நேரம். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் எங்களை வழியனுப்பத்தான் வந்தாள். டிக்கெட் வீணாய்ப் போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் போன் பேசும்போது பின்னால் அவர்கள் சத்தம் போடுவது கேட்கிறது. கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு அந்த முக்கால் மணி நேரமும் காருக்குள் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். நடுவில் யாரும் இல்லை.

"தப்புன்னு நீங்க சொல்லலையா?" என்று கேட்டேன்.

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "இல்ல" என்றார். பிறகு, "நீ ராத்திரியெல்லாம் அழுறேன்னு புள்ள வந்து சொன்னா. அதான் நானா வந்து பேசினேன்."

நான் அழவே இல்லை. அந்த எட்டு மாதத்தில் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் இருந்தது. அது எப்போதோ அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நான் மன்னித்தது இவரை அல்ல, என் குழந்தை பயத்தில் இட்டுக்கட்டிய ஒரு மனிதரை. அந்த மனிதரோடுதான் இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

நான் அழவில்லை என்றேன்.

அவர் என் பக்கம் திரும்ப முயன்றார். பெல்ட் விடவில்லை. அதைக் கழற்ற இரண்டு முறை அழுத்தினார், மூன்றாவது முறை கழன்றது. முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க" என்றேன்.