அக்காவின் ஹாக்கி மட்டை

சென்னையில் கோல்ஃப் மட்டைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அக்காவும் கூட வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கடைத் தம்பி என்னை நேராக நிற்கவைத்து, மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப் பிடித்தார். ஒரு பந்தை அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மட்டை தரையில சமமா படல மேடம், நீளத்தையும் சாய்வையும் மாத்தணும்," என்று உள்ளே கொண்டுபோய் நுனியை அறுத்தார். அந்த ரம்பச் சத்தத்தில் கோவில்பட்டி வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அக்கா பள்ளி ஹாக்கி அணியில் ஆடியவள். கல்யாணம் நிச்சயமானதும் தன் மட்டையை எனக்குக் கொடுத்தாள். எனக்கு அது நீளம். குனிந்து ஓடினால் மேல்நுனி வயிற்றில் குத்தும். எனக்குப் பள்ளி அணித் தேர்வு. அதற்கு முந்தின நாள் அக்கா அப்பாவிடம் ரம்பத்தை நீட்டினாள்.

"வெட்டிட்டா பெறகு நீ எத வச்சு ஆடுவ தாயி?" என்றார் அப்பா.

"அவ ஆடட்டும்பா. ஏட்டி, நிமிந்து நில்லு."

என் இடுப்புக்கு அளந்து, மட்டையில் நகத்தால் கோடு போட்டாள். அப்பா அறுக்கும்போது இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் என்னை அணியில் சேர்த்தார்கள். கல்யாணம் முடிந்து அவள் நாகலாபுரத்துக்கு வாழப் போனாள். பருத்திக்காடும் பிள்ளைகளுமாக வருசங்கள் ஓடிவிட்டன.

அறுத்த மட்டையோடு கடைத் தம்பி வெளியே வந்தார். "தம்பி, அக்காவுக்கும் அளவெடுங்க," என்றேன்.

"எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்?" என்றபடியே எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். தம்பி கொடுத்த மட்டையை வாங்கி, காலை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி நின்றாள். அடித்த அடியில் பந்து எதிரே கட்டியிருந்த வலையின் நடுவில் போய் அறைந்தது.

"இன்னொரு பந்து வைங்க தம்பி," என்றாள் அக்கா.