றோசா அன்ரியின் தம்பியார்

தக்காளி அவியும் மணம் வந்தால் எனக்கு இன்றும் பசி வருவதில்லை, ஒரு சத்தம்தான் காதுக்குள் வருகிறது. ஓகஸ்ட் கடைசியில், நாங்கள் இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து வாடகைக்கு இருந்த வெக்ஸ்போர்ட் பகுதியில், வீட்டுச் சொந்தக்காரியான இத்தாலிக்கார றோசா அன்ரி பின்வளவில் பெரிய கிடாரம் ஏற்றிக் கூடை கூடையாகத் தக்காளி அவிப்பார். அந்தப் புளிப்பு ஆவி நிலத்துக்குக் கீழே இருந்த எங்கள் "பேஸ்மென்ற்" யன்னலால் இறங்கி வரும்போது, கராஜுக்குள் அவருடைய தம்பி டிரம் அடிக்கும் சத்தமும் கூடவே இறங்கி வரும்.

அந்தத் தம்பி அண்மையில் இத்தாலியில் இறந்துபோனார். வேலைக்குப் போகும் றெயினில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் படத்தைக் கண்டுதான் அறிந்தேன். "ஃப்றீ ஜாஸ்" என்கிற, தாளக் கணக்குக்குக் கட்டுப்படாத இசையை அந்த நாட்டில் தொடக்கி வைத்த முன்னோடிகளில் ஒருவர் என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அது அப்போது தெரியாது. கோடைக்கு அக்காவிடம் வந்து நின்ற, வெறுங்காலோடு புல்லில் திரிந்த, நரைத்த மனிதர் ஒருவர், அவ்வளவுதான். அப்பாவைவிட மூத்தவர் என்றாலும் றோசா அன்ரிக்கு இளையவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பெயர் "தம்பியார்".

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பாவுக்கு ஒரு ரெஸ்ரோறன்ற் சமையலறையில் இரவு வேலை, பகலில் நித்திரை. அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர் சில வீடுகள் தள்ளி இருந்த குணம் அங்கிள். அவருக்கும் அங்கேதான் வேலை. பின்னேரங்களில் அப்பாவைத் தன் காரில் ஏற்றிப்போக வருவார். அப்பா வெளிக்கிடும்வரை எங்கள் மேசையில் இருந்து அம்மாவின் தேத்தண்ணியைக் குடித்தபடி பகிடி விடுவார். "தங்கச்சி, உம்மடை தேத்தண்ணிக்காகத்தான் உந்த மனுசனை ஏத்திறன்" என்பார். அவர் வந்தால் எங்கள் நிலக்கீழ் வீட்டுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி இருக்கும்.

முதன்முதல் வந்த அன்று அவர் என்னைக் கேட்டது, "எந்த ஊர் தம்பி?" அடுத்தது, "ஊரிலை எந்தப் பக்கம்?" முதற் கேள்விக்கு உண்மையைச் சொல்லலாம், இரண்டாவதற்குக் "கோயிலடி" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அம்மா முன்கூட்டியே எனக்குப் பழக்கியிருந்தார். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். என் அப்பப்பா ஊரில் செத்தவீடுகளுக்குப் பறை அடித்தவர்.

ஆகவே தம்பியார் கராஜில் அடிக்கத் தொடங்கிய முதல் நாள், அம்மா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். "மேலை ஆரோ மோசம் போட்டினம். ஓடிப்போய்ப் பாத்துக்கொண்டு வா" என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், றோசா அன்ரி கிடாரத்தைத் துழாவிக்கொண்டு சிரிக்கிறார். ஒருவரும் சாகவில்லை என்று வந்து சொன்னேன். "அப்ப என்னத்துக்கு உந்த அடி?" என்று கேட்ட அம்மா, அந்த அடியில் அப்பாவின் நித்திரை குழம்பாமல் இருக்கத் தமிழ் றேடியோவைக் கூட்டி வைத்தார். அப்பா ஏற்கெனவே மெத்தையில் எழும்பி இருந்தார். "றேடியோவை நிப்பாட்டு" என்றார்.

சறத்தோடு போய்க் கராஜ் வாசலில் நின்ற அப்பாவைத் தம்பியார் ஒன்றும் கேட்கவில்லை. தக்காளிக்கென்று கழுவி வைத்திருந்த வாளியொன்றைக் கவிழ்த்து வைத்து, இரண்டு தடிகளை நீட்டினார். அப்பா ஒன்றைத்தான் வாங்கினார். மற்றக் கைக்கு, பறைக்குப் பிடிக்கிற மாதிரி, தக்காளிச் செடிக்கு ஊன்றியிருந்த மெல்லிய கம்பை முறித்து எடுத்தார். பிறகு நடந்ததை எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பா சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. தம்பியார் "அகெய்ன்! அகெய்ன்!" என்று கத்த, அப்பா வேலையில் பழகிய ஆங்கிலத்தில் "யெஸ் போஸ்" என்றார்.

தக்காளி முடியும்வரை அது தொடர்ந்தது. "கடல் தாண்டி வந்தும் உதைத்தானோ அடிக்கவேணும்? ஆற்றையும் காதிலை விழுந்தால்?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார். "கராஜுக்குள்ளை ஆர் வரப்போயினம்?" என்பது அப்பாவின் பதில்.

குணம் அங்கிள் வந்தார். ஒருநாள் வழமையைவிட வெள்ளென வந்தவர், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேரே கராஜுக்கு வந்துவிட்டார். "அட, நீரே! நானும் உங்கை செத்தவீடாக்கும் எண்டெல்லோ பாத்தன்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லாத்தான் அடிக்கிறீர், ஐசே. ஆரிட்டைப் பழகினனீர்?"

பள்ளிக்கூடத்தில் என்று அப்பா சொல்லியிருக்கலாம். கையிலிருந்த கம்பைப் பார்த்தார். "அப்பரிட்டை" என்றார்.

குணம் அங்கிளின் சிரிப்பு உடனே நிற்கவில்லை. காற்றுப் போகிற பலூன் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நின்றது. அன்று அம்மா தேத்தண்ணியை நீட்ட, "வேண்டாம் தங்கச்சி, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றார். அடுத்த நாளும் இப்பதான் குடித்திருந்தார். கொஞ்ச நாளில் வேலை நேரம், "ஷிவ்ற்", மாறிவிட்டது என்று சொல்லிக் காரும் வராமல் போயிற்று. ஒரு கடுஞ்சொல் இல்லை. கடையில் கண்டால் சிரிப்பார். அம்மா மட்டும் சில நாட்கள் பழக்கதோஷத்தில் அவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றி, ஆறவிட்டு, தொட்டிக்குள் கவிழ்த்தார்.

அந்த நேரத்தில்தான் தம்பியார், றோசா அன்ரியின் ஊர்க்காரர் கூடும் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தன்னோடு சேர்ந்து அடிக்க அப்பாவைக் கூப்பிட்டார். "இனி ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு? போங்கோ" என்றார் அம்மா. அந்தக் குரலில் சம்மதமும் இருந்தது, கோபமும் இருந்தது.

அப்பா வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, மேடையில் வாளிக்கு முன்னால் இருந்தார். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதிரைகள் கிறீச்சிடத் தொடங்கின. ஒரு கிழவர் காதைப் பொத்தினார். குடும்பம் குடும்பமாக எழும்பிப் போனார்கள். றோசா அன்ரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியாருக்கோ உற்சாகம். போகிறவர்களைப் பார்த்துச் சிரித்து, கதிரைச் சத்தத்துக்கும் ஒரு அடி அடித்தார். ஒவ்வொரு கதிரைக்கும் அப்பாவின் கை தளர்ந்தது. கடைசியில் கம்பை வாளிக்கு மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "ஆக்கள் எழும்பிப் போனால் அவர் சிரிக்கலாம். அவர் தானாய் விரும்பி எடுத்தது உது. எங்கடை அப்பரைக் கூப்பிட்டால் போகவேணும். காய்ச்சலெண்டாலும் போகவேணும். படலைக்கு வெளியிலை நிண்டு அடிக்கவேணும். மாட்டன் எண்டு சொல்ல ஏலாது." பிறகு, "ஆனால் அந்தாள் நல்ல மனுசன்" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா அந்தக் கராஜுக்குப் போகவில்லை. தம்பியார் குளிருக்கு முன் ஊர் திரும்பினார். அடுத்த கோடைக்கு முன் நாங்களும் வீடு மாறினோம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். அங்கே நூலகத்தில் அந்த இசையைப் பற்றித் தேடி வாசித்திருக்கிறேன். எல்லாப் புத்தகத்திலும் விடுதலை, விடுதலை என்றே இருந்தது. அப்பாவின் வாளியை அதற்குள் எங்கே வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. போன கிழமை அந்தத் தெருவுக்குப் போனேன். கராஜ் இல்லை, தக்காளிப் பாத்தி இல்லை, வளவு முழுவதையும் பிடித்துக்கொண்டு ஒரு மாடிவீடு நிற்கிறது. "எந்தப் பக்கம்" என்ற கேள்வி மட்டும் போகவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளிடம், கலியாணப் பேச்சு வரும்போது, அதை ஆங்கிலத்தில் கேட்கிறார்கள்.

இப்போது விட்பி என்ற ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்துச் செய்தியைச் சொன்னேன்.

"செத்தவீட்டிலை ஆரும் அடிச்சவையோ?" என்று கேட்டார்.

"பேப்பரிலை அப்பிடி ஒண்டும் போடேல்லை, அப்பா."

"தெரிஞ்சிருந்தால் போயிருப்பன்."

"இத்தாலிக்கோ?"

"ஓம்" என்றார். "கூப்பிடாமலே."