மணலூர்பேட்டைக்கு வந்த கறுப்பு ஒயின்

மகள் பிறந்து இருபது நாளாகியும் எனக்கு எழுந்து நின்றால் கண் இருட்டியது. உடம்பில் ரத்தம் இல்லை, ஒயின் கொடுத்தால் ஊறும் என்று யாரோ சொன்னதை மாமியார் பிடித்துக்கொண்டார். சாராய வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவர் அவர். பாண்டிச்சேரியில் ஓட்டல் சர்வராக இருந்த என் தம்பிக்குக் கடிதம் போடச் சொன்னார்.

தம்பி கிளம்பிய அன்று இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிவிட்டது. பஸ் திருக்கோவிலூரோடு நின்றது. நடந்தே வந்திருக்கிறான். வழியில் சாலைக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்களாம்.

"பையில இன்னா?"

"ஒயினுங்க. எங்க அக்காவுக்கு. கொழந்த பொறந்து எழுந்திருக்க முடியாம கெடக்குது."

ஒருவர் எழுந்து வந்து பாட்டிலைப் பார்த்தார். பிறகு தன் சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்து, தம்பியைப் பின்னால் ஏற்றி எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, மறியலுக்கே திரும்பிப் போனார்.

தம்பி ஓட்டலில் பேசுவதுபோல் பேசினான். "இது மால்பெக்குன்னு ஒரு திராட்சை, அக்கா. பிரான்சுல தெக்க, காஓர்னு ஊரு. ஆத்தோரம் கல்லு நெலத்துல வெளையுது. கறுப்பு ஒயின்னே சொல்வாங்களாம். நாக்குல கனமா நிக்கும்."

"நம்ம பெண்ணையாத்தோரம் கரும்பு மாதிரி," என்றார் மாமியார்.

நாவல்பழத்தைக் கொட்டையோடு மென்றதுபோல் துவர்த்தது. இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. மறுநாள் வந்த நர்சம்மா பாட்டிலைப் பார்த்துவிட்டு, "பால் குடுக்கறவங்க இத தொடக் கூடாதுங்க. ரத்தமும் ஊறாது," என்று இரும்பு மாத்திரை கொடுத்தார். தம்பி சோறு உண்ணாமல் உட்கார்ந்திருந்தான்.

"நான்தானேடா கேட்டேன். உன்மேல இன்னா தப்பு?" என்று மாமியார் தட்டை அவன் முன்னால் வைத்தார்.

மாத்திரையில் தேறினேன். சாலை திறந்தபின் ஒருநாள் சைக்கிள்காரர் விசாரிக்க வந்தார். அவர் பட்ட பாடு வீணாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒயின் நல்லா கேட்டுச்சுங்க," என்றேன்.

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "எங்க வூட்லயும் போன வருசம் இப்டிதாம்மா கெடந்தாங்க. மாத்திரையிலதான் எழுந்தாங்க. அன்னிக்கே சொல்லியிருக்கலாம். உங்க தம்பி அத நெஞ்சோட அணைச்சிக்கினு நின்னாரு. மனசு வரல."

"எனக்கும் மாத்திரைதாங்க," என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டோம். குழந்தையைக் காட்டச் சொன்னார்.