டிரைவரம்மா சொல்லாமல் விட்ட வழி

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்களின் இடது முட்டி சீக்கிரம் கெட்டுவிடும். பத்தடிக்கு ஒரு தடவை கிளட்சை மிதிக்க வேண்டும். வாசலுக்கு வாசல் நிறுத்த வேண்டும். மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுத்துவர உள்ளே ஓடுகிற பிள்ளைக்காக நடுரோட்டில் காத்துக் கிடக்க வேண்டும். ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவரம்மாவுக்கு முப்பத்துநாலு வயதிலேயே முட்டி பிடித்துக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “நீந்துங்க. வேற மருந்து இல்ல” என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அவள் ஏரிக்குப் போக ஆரம்பித்தாள். முதல் வருஷம் இடுப்பளவு தண்ணீரில் படித்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தாள். இரண்டாம் வருஷம் கம்பியை விட்டாள். ஐந்தாம் வருஷத்தில் ஏரியின் நடுவே நாலு மரங்களோடு கிடக்கும் குட்டித் தீவு வரை போய்த் திரும்பினாள். இப்போது நாற்பத்தொன்பது வயது. முட்டி வலி போனதோ இல்லையோ, ஏரி இல்லாமல் அவளால் இருக்க முடியாது என்றாகிவிட்டது.

கோடையின் கடைசி வாரங்கள்தான் அவளுக்குப் பிடித்தவை. தண்ணீர் இறங்கியிருக்கும், படித்துறையில் மற்ற நாளில் முங்கிக் கிடக்கும் இரண்டு படிகள் பச்சைக் கோடு போட்டுக்கொண்டு வெளியே தெரியும். தண்ணீர் யாரோ இரவெல்லாம் காய்ச்சி வைத்த மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். வாத்துக் குஞ்சுகள் அம்மா அளவுக்கு வளர்ந்தும் இன்னும் அம்மா பின்னாலேயே வரிசையாகப் போகும். ஒன்பது மணிக்கு மேல் மிதிபடகுக்காரர்களும் தூண்டில்காரர்களும் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்களும் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால், ஆறரையிலிருந்து எட்டு வரை, ஏரி நாலு பெண்களுக்குச் சொந்தம். டிரைவரம்மா, பல் டாக்டரம்மா, தபால்காரம்மா, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற நூலகக்காரம்மா.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நால்வரும் தீவுக்கு நீந்திப் போய் அங்கே நட்டிருக்கும் மரக்கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். போட்டி கிடையாது. போட்டி கிடையாது என்று வருஷா வருஷம் நாலு பேரும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் முதலில் கம்பத்தைத் தொட்டவளுக்குத்தான் கரையில் பிளாஸ்க்கிலிருந்து முதல் டம்ளர் டீ. பத்து வருஷமாக அந்த முதல் டம்ளர் டிரைவரம்மாவைத் தவிர வேறு யார் கைக்கும் போனதில்லை.

அந்த வருஷம் கோடை தொடங்கும்போது அவள் நாத்தனார் வந்து சேர்ந்தாள். வேறு ஊரில் இருந்தவள். விவாகரத்து முடிந்து, ஒரு பெட்டியோடும் ஒரு பூந்தொட்டியோடும் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள். நாற்பத்துநாலு வயதானாலும் அண்ணனுக்கு அவள் இன்னும் சிட்டுதான். வந்த மூன்றாம் வாரமே ஒரு கேக் கடையில் கிரீம் பூ போடும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் பாரமாக இல்லை, யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாததே டிரைவரம்மாவுக்குப் பெரிய குறையாக இருந்தது.

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரார் வீட்டு ஃபிரிட்ஜெல்லாம் அவர் கை பட்டால் ஓடும். சொந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க நாள் பார்ப்பார். குளியலறைக் கதவுக்கு ஒரு கொக்கி வேண்டும் என்று டிரைவரம்மா மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிட்டு வந்த மறுநாள் சாயங்காலம் கொக்கி வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு.

“சிட்டுக்கு சிரமமா இருக்கும்ல” என்றார் அவர்.

“எனக்கு மூணு வருஷமா சொகமா இருந்துச்சு” என்றாள் டிரைவரம்மா. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

ஒரு நாள் காலையில் சிட்டு கேட்டாள். “அண்ணி, ஏரிக்கு நானும் வரட்டுமா?”

வா என்றாள். கரையோரம் காலை நனைத்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தாள். சிட்டு தலைக்கு ஒரு மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிலிருந்து இறங்கினாள். தண்ணீர் ஒரு துளி தெறிக்கவில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு போனாள். மற்றவர்கள் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் தண்ணீரிடம் ஏதோ சொல்லிவிட்டு அது வழிவிட, போய்க்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்து நாட்களில் நீந்தியதாம். இருபத்தைந்து வருஷமாகத் தண்ணீரில் கால் வைக்கவில்லையாம்.

“உங்க நாத்தனாரா? மீன் மாதிரில்ல போறாங்க!” என்றாள் தபால்காரம்மா.

“ம்” என்றாள் டிரைவரம்மா. பதினைந்து வருஷம் மூச்சுத் திணறித் திணறிக் கற்றதை ஒருத்தி மறந்துபோய்க்கூட இவ்வளவு அழகாகச் செய்ய முடியுமா?

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். அடுத்த சனிக்கிழமை கணவர் ஏரிக்கு வந்தார்.

இந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட ஏரிப்பக்கம் வந்ததில்லை. முதல் தடவை தீவைத் தொட்ட அன்றைக்கு வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். “எனக்குத் தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்தும்மா, நீ போயிட்டு வா” என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதே மனிதர் ஆறரை மணிக்கு முகம் மழித்து, மடக்கு நாற்காலியோடு வந்து, தங்கச்சியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை சுற்றியதாகத் தெரியவில்லை. சிட்டு கரையேறியதும் எழுந்து போய்த் துண்டை விரித்துக் கொடுத்தார். பின்னாலேயே ஏறிய டிரைவரம்மாவின் துண்டு கம்பியிலிருந்து நழுவிச் சேற்றில் கிடந்தது. அதை அவளே குனிந்து எடுத்து, உதறி, துடைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அதுதான் எரிச்சல்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். டிரைவரம்மா மூச்செடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் கரையில் அவர் முகம் தெரிந்தது. அது அவள் பக்கம் திரும்பியே இருந்ததில்லை.

தீவுக்குப் போகும் ஞாயிறு வந்தது. முந்தைய நாள் சாயங்காலம் டிரைவரம்மா பஸ் ஓட்டும்போது போடும் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சிட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணி, நாளைக்கு எந்தப் பக்கமா போறது? நேரா போயிடலாமா?”

கோடை முடிகிற சமயத்தில் யாரும் நேராகப் போக மாட்டார்கள். தண்ணீர் இறங்கியதும் நேர்வழியில் நீர்க்கொடிகள் மேலே வந்துவிடும். கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போனால்தான் தலைமுடி மாதிரி நீளநீளமாகக் காலைச் சுற்றும். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே கூந்தல். சிவப்பு மிதவையைத் தாண்டி வலது பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

“உன் இஷ்டம்” என்றாள் டிரைவரம்மா, காலரைத் திருப்பிப் போட்டபடி.

படுக்கும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தபால்காரம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா, அவள் சொல்லிவிடுவாள். அப்படியே சொல்லாவிட்டாலும் மீனுக்குக் கொடி ஒரு பொருட்டா? கொஞ்சம் தடுமாறட்டுமே. அவ்வளவுதான் அவள் நினைத்தது. கொஞ்சம்.

மறுநாளும் கணவர் நாற்காலியோடு வந்திருந்தார். நூலகக்காரம்மா கையைத் தட்டியதும் ஐந்து பேரும் இறங்கினார்கள். நாத்தனாருக்கு அண்ணி சொல்லியிருப்பாள் என்று மற்ற மூவரும் இருந்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் வலது பக்கம் ஒதுங்க, மஞ்சள் தொப்பி மட்டும் நேராகப் போனது.

மிதவையை நெருங்கும்போது டிரைவரம்மா இடது பக்கம் திரும்பி மூச்செடுத்தாள். மஞ்சள் தொப்பி வெகு முன்னால் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசினாள். நாலு வீச்சுக்குப் பிறகு மறுபடி பார்த்தாள். தொப்பி அதே இடத்தில் இருந்தது. அவளுக்குள் ஒரு சந்தோஷம் குப்பென்று கிளம்பியது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மூச்சுக்குத் திரும்பியபோது தொப்பியைக் காணோம். தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் வந்து போனது.

டிரைவரம்மா திரும்பினாள். அறுபது எழுபது மீட்டர் இருக்கும். அப்படி ஒரு வேகத்தில் அவள் அதற்கு முன்னும் நீந்தியதில்லை, பின்னும் நீந்தியதில்லை. போய்ச் சேர்ந்தபோது சிட்டு முங்கி எழுந்து, வாயில் வந்த தண்ணீரைத் துப்பக்கூட மூச்சில்லாமல், இவள் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தாள்.

“காலை ஆட்டாதே! மல்லாந்து படு! ஆட்டினா இன்னும் சுத்தும். என்னைப் பாரு, என்னை மட்டும் பாரு!”

பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ஒரே சத்தத்தில் அடக்குகிற குரல் அது. சிட்டு அடங்கினாள். டிரைவரம்மா முங்கி, அவள் கணுக்காலைச் சுற்றியிருந்த கொடிகளைக் கையால் உருவி உருவி எடுத்தாள். ஒன்று தன் முட்டியிலேயே மாட்டிக்கொண்டது. அதையும் பிய்த்தாள். பல் டாக்டரம்மா வந்து மறுபக்கம் பிடித்துக்கொள்ள, சிட்டுவின் தாடையை முழங்கை மடிப்பில் தாங்கிக்கொண்டு கரையைப் பார்த்து நீந்தினாள்.

கரையோரம் கணவர் பேண்ட்டும் கைக்கடிகாரமுமாக, பையில் ஃபோனோடு, நெஞ்சளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். “சிட்டு! சிட்டு!”

ஒரே பெயர்தான். தண்ணீரில் இருந்தது இரண்டு பேர். மூச்சுக்கு அலையும் அந்த நேரத்திலும் டிரைவரம்மாவின் மனசு அதை எண்ணிப் பார்த்தது.

கரையேற்றிப் படுக்க வைத்தார்கள். சிட்டு இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு எழுந்து உட்கார்ந்தாள். கணவர் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீ மட்டும் இல்லேன்னா...” என்று தொடங்கி முடிக்க முடியாமல் அழுதார். தபால்காரம்மா, “கம்பத்தை யாரும் தொடல, ஆனா இன்னைக்கும் முதல் டம்ளர் இவங்களுக்குத்தான்” என்று டீயை நீட்டினாள்.

டிரைவரம்மா வாங்கவில்லை.

“அங்க கொடி இருக்குன்னு எனக்குத் தெரியும். நேத்து இவ வழி கேட்டா. நான் சொல்லல.”

“மறந்துட்டியா?” என்றார் கணவர்.

“மறக்கல.”

நூலகக்காரம்மாகூடச் சிரிக்கவில்லை. சிட்டு போர்த்தியிருந்த துண்டுக்குள்ளிருந்து மெல்லக் கேட்டாள். “ஏன் அண்ணி?”

“உனக்குத் துண்டு பிடிக்க ஆள் இருக்கு” என்றாள் டிரைவரம்மா. இவ்வளவு சின்னக் காரணமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அதுதான் காரணம்.

“நான் செத்திருப்பேன்.”

“ஆமா.”

வீட்டுக்குத் திரும்பினார்கள். சிட்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் மொட்டைமாடியில் நனைந்த பேண்ட்டைக் காயப்போட்டுவிட்டு அங்கேயே நின்றார். டிரைவரம்மாவும் மேலே போனாள்.

“சின்ன வயசுல அவ என் கண்ணு முன்னாடியே குளத்துல முங்கினா” என்றார் அவர், துணிக்கொடியைப் பார்த்தபடி. “நான்தான் இழுத்து விட்டேன். அப்புறம்தான் அப்பா அவளை நீச்சலுக்குச் சேர்த்தார். நான் தண்ணிப் பக்கம் போனது அன்னைக்கோட சரி. அவ ஏரிக்குப் போறான்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்தப் பயத்துலதான் வந்து உட்கார்ந்தேன். உன்னை நெனச்சு நான் ஒரு நாளும் பயந்ததில்லம்மா.”

“பயமில்லேன்னா பார்க்க வரக் கூடாதா?”

அவர் காயப்போட்ட பேண்ட்டையே மறுபடி எடுத்து உதறிக் காயப்போட்டார்.

மூன்று நாள் சிட்டு பேசவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. புதன்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு வந்த டிரைவரம்மா சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கை விரலில் ரோஸ் கலர் கிரீம் காய்ந்திருந்தது.

“நீங்க செஞ்சதை நான் மறக்க மாட்டேன் அண்ணி. கொஞ்ச நாளைக்காவது மாட்டேன்.”

“மறக்க வேணாம்.”

“ஆனா ஒண்ணு சொல்லணும். அண்ணன் முதல் நாள் துண்டை நீட்டினப்போ உங்க துண்டு கீழ கிடந்ததை நான் பார்த்தேன். வேணாம்ணா, அண்ணிக்குக் குடுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. உங்களைப் பார்த்துக்கிட்டேதான் வாங்கினேன். எனக்கு அது நல்லா இருந்துச்சு.”

டிரைவரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். பார்த்திருக்கிறாள்! யாருமே பார்க்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் என்னவோ ஒரு ஆறுதல் வந்தது.

“கள்ளி” என்றாள்.

“ஆமா” என்றாள் சிட்டு. இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் சிட்டு உடனே எழுந்து போய்விடவும் இல்லை.

அடுத்த மாதம் சிட்டு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனாள். ஏரிக்கு வருவதை மட்டும் விடவில்லை. தண்ணீர் குளிரத் தொடங்கும் முன் ஒரு ஞாயிறு, விட்டுப்போன தீவு நீச்சலை முடித்துவிடலாம் என்று ஐந்து பேரும் இறங்கினார்கள். கணவர் வந்திருந்தார். கரையிலிருந்து, “இன்னும் வேகமா போம்மா, வேகமா!” என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். பதினைந்து வருஷம் ஏங்கிய குரல் கேட்டதும் டிரைவரம்மா மூச்சு தப்பி ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டாள். இந்த மனுஷன் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஐந்து பேரும் சிவப்பு மிதவையைச் சுற்றி வலது பக்கமாகவே போனார்கள். சிட்டு ஒரு கை நீளம் முந்திக்கொண்டு கம்பத்தைத் தொட்டாள். டிரைவரம்மாவுக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. கம்பத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். திரும்பி நீந்துகிற வழி முழுக்க அந்த எரிச்சலோடுதான் வந்தாள். படிகளில் கால் பட்ட பிறகுதான், முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டு, “நல்லா நீந்துறே” என்றாள்.

அந்தக் கோடை முழுக்க அவள் சிட்டுவிடம் அதைச் சொன்னதே இல்லை.