யானைக்கு ஜாமீன்

மகா டீச்சர் நரியின் மூக்கிலேயே கிளிப்பை மாட்டினாள். துணி காயப்போடும் பச்சை பிளாஸ்டிக் கிளிப். "களவாணிப் பயலே, அடுத்தவன் மாம்பழம் கேக்குதோ உனக்கு? கெட உள்ள!" என்று படப்புத்தகத்தைப் பார்த்துக் கையை ஓங்கினாள். பாயில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில் தமிழ்ச் சங்கம் ஒன்று நடத்தும் பால்வாடி. அப்பா அம்மாக்கள் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போனபின் பிள்ளைகளுக்கு மகாதான் கதி. நல்லொழுக்கம் சொல்லிக்கொடுக்கச் சங்கம் படப்புத்தகங்கள் வாங்கித் தந்திருந்தது. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ஒரு நீதி. மகா மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டி அவள் நீதிக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் ஒருவர் முடியை ஒருவர் பிடித்திருப்பார்கள். ஆகவே நீதியை விட்டுவிட்டு நேரே தண்டனைக்குப் போய்விடுவாள். தப்புச் செய்த மிருகத்துக்குக் கிளிப். அதுதான் ஜெயில். பிள்ளைகள் நல்லது செய்தால் அதற்கு ஜாமீன். பழம்பொரி என்னும் வாழைப்பழ பஜ்ஜியைப் பிய்த்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். மிச்சம் வைக்காமல் பால் குடிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், நீதிப் புத்தகங்களில் கெட்டவர்கள் குறைவு. நரியும் பூனையும் திருந்திய பிறகு ஜெயில் காலி. ஜெயில் காலியான நாளில் ஒரு பிள்ளையும் பாலைத் தொடாது. வேறு வழியின்றி மகா பொய்க் கேஸ் போட ஆரம்பித்தாள். "இந்தக் கோழியோட முழியே சரியில்ல." கோழி உள்ளே. "வாத்து நடக்கற திமிரப் பாரு." வாத்தும் உள்ளே. பால் காய்ச்சும் பாப்பாக்கா, "எடீ, உன்கிட்ட போலீசுகாரன் பிச்சை வாங்கணும்!" என்பாள்.

அன்று சங்கத்து கமலாக்ஷி மேடம் வரும் நாள். போன தடவை வந்தவர் நிறைந்த டம்ளர்களைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளப் பால் குடிக்க வெக்கத் தெரியலேன்னா வேற டீச்சரத்தான் பாக்கணும்" என்று சொல்லிப் போயிருந்தார். நரி காலையிலேயே ஜாமீனில் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு யானை. கீழே விழுந்த குருவிக் குஞ்சைத் துதிக்கையில் ஏந்தி நிற்கும் பரம சாது. மகா கண்ணை மூடிக்கொண்டு அதன் காதில் கிளிப்பை மாட்டினாள்.

"குஞ்சத் தூக்கிட்டு எங்க போறான் இவன்? கடத்தல் கேசு!"

நாலு வயது ஜிஷா எழுந்து வந்து படத்தை மூக்கு இடிக்கப் பார்த்தாள்.

"இல்லல்லோ டீச்சரே. கூட்டுல வெக்கப் போகுது. இதா, மேல நோக்கு, கூடு."

"உனக்குத் தெரியாது, போய்ப் பால் குடி."

"டீச்சர் பொய் சொல்லுது." டம்ளரைத் தரையில் வைத்தாள் ஜிஷா. டக், டக்கென்று மற்ற டம்ளர்களும் இறங்கின.

"குடிங்க, ஆனைய விட்டுடறேன்."

"தப்பு செஞ்சாத்தானே ஜாமீனு? ஆனை தப்பே செய்யல. சும்மா விடு."

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. மரப்படி முனகியது. பொய்யென்று ஒப்புக்கொண்டால் நாளை எந்தக் கேசும் நிற்காது. ஒப்புக்கொள்ளாவிட்டால் நாளை அவளே இங்கு நிற்க முடியாது. மகா பாயில் மண்டியிட்டாள்.

"ஆனைச் சேட்டா, சாரி. நீ ஒண்ணும் பண்ணல. நாந்தான் பொய் சொன்னேன்." கிளிப்பைக் கழற்றினாள்.

டம்ளர்கள் ஒரே மூச்சில் வாய்களில் கவிழ்ந்தன. வாசலில் வந்து நின்ற கமலாக்ஷி மேடத்தின் எதிரே வரிசையாக வெள்ளை மீசைகள்.

"அட, சமர்த்துகளா! எப்படி மகா இது?"

"எல்லாம் புக்குல உள்ளதுதான் மேடம். நல்லதா நாலு சொல்லிக் குடுத்தேன், குடிச்சிட்டாங்க."

ஜிஷா வாயைத் திறந்தாள். மகா சட்டென்று குனிந்து, ஷால் முனையால் அந்த வாயைத் துடைக்க ஆரம்பித்தாள். பால் மீசை போன பிறகும், மேடம் கடைசிப் படி இறங்கும் வரை, துடைத்துக்கொண்டே இருந்தாள்.