இங்கிலீஷ் தெரியாத இங்கிலாந்து ராஜாக்கள்

எம்.ஏ. தேர்வில் எனக்கு நின்றுபோனது ஒரே தாள், ஆங்கில மொழியின் வரலாறு. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் போய்விட்டது. பகலெல்லாம் பிள்ளையார்பாளையத்துத் தொடக்கப்பள்ளியில் கத்திவிட்டு வந்து, சோறு வடித்து, குழந்தைக்கு ஊட்டி, துணி மடித்து வைத்தபின் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் கலங்கும். கண்ணை மூடிவிடக் கூடாதே என்று உரக்கப் படிப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பக்கத்துப் போர்ஷனில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். நடுவில் ஒரு சுவர்தான். தறிச் சத்தம் ஓய்ந்த ஒரு சாயங்காலம் அந்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர் படிச்சிக்கினு இருக்கீங்க? இங்கிலீஷ் மாதிரியே இல்லியே?"

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்க்கா. இப்போ வெள்ளைக்காரனுக்கே புரியாது."

அவள் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கும் பாதி நம்பிக்கையில்லைதான். கடல் தாண்டி வந்த டேனியர்கள் இங்கிலாந்திலேயே குடியேறி, அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகியதில் சொற்களின் வால்கள், அதாவது விகுதிகள், உதிர்ந்தன என்று புத்தகம் சொன்னது. 'ஹஸ்பெண்ட்' என்ற சொல்லே அவர்களோடு வந்ததுதானாம். என் ஹஸ்பெண்ட் பட்டுக்கடையில் கணக்கு எழுதிவிட்டு வந்து, பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாதமே அக்காவின் தங்கையைப் பெண் பார்க்க ஆந்திரா பக்கத்திலிருந்து வந்தார்கள். பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. சுவர் வழியே சிரிப்புச் சத்தமும் கேட்டது. நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். அவர்கள் கிளம்பிப் போனதும் அக்கா வந்து என் சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். கட்டியிருந்த பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை.

"நாங்க பேசறது தெலுங்கே இல்லியாம், டீச்சர். நான் வாயத் தொறக்கறப்பல்லாம் மாப்பிள்ளையோட அம்மா சிரிக்குது. பாதி அரவம், பாதி என்னான்னே தெரியலன்னு சொல்லுது. இந்தப் பேச்ச வெச்சிக்கினு பொண்ணு எங்க வீட்டுல எப்படிக் குடித்தனம் பண்ணும்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

அரவம் என்றால் தமிழாம். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. படித்ததைச் சொன்னேன். பிரெஞ்சு பேசும் பிரபுக்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டார்கள். சுமார் முந்நூறு வருஷம் அரண்மனையில் பிரெஞ்சுதான். சில ராஜாக்களுக்கு இங்கிலீஷே சரியாகத் தெரியாது. அது குடியானவன் பேச்சு, அவ்வளவுதான். ஆட்டை மேய்த்தவன் 'ஷீப்' என்றான், அதையே தட்டில் வைத்துத் தின்ற துரை 'மட்டன்' என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம் துரைங்க பிள்ளைங்களும் அந்தப் பேச்சையே பேச ஆரம்பிச்சிட்டாங்க."

"அதுவரைக்கும் இவுங்க இன்னா பண்ணாங்க?"

"உழுதாங்க, சமைச்சாங்க. பேசிக்கினேதான் இருந்தாங்க."

"அவுங்களுக்கு முந்நூறு வருஷம் கெடச்சிது. எனக்கு ஆவணிக்குள்ள மாப்பிள்ள வேணுமே, டீச்சர்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவள் அப்படியே சிரித்து, அப்படியே அழுதாள். நான் மீந்திருந்த ரசத்தைச் சுட வைத்துக் கொடுத்தேன்.

ஆவணியில் மாப்பிள்ளை கிடைக்கவில்லை. தை மாதம் ஆரணியில் கிடைத்தார். அவர்கள் வீட்டிலும் பாதி அரவம்தானாம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அதற்குள் நான் சென்னைக்குப் போய் மூன்றாம் முறையாக அந்தத் தாளை எழுதியிருந்தேன். பிரெஞ்சு ஆட்சியில் இங்கிலீஷ் என்ன ஆனது என்றே கேட்டிருந்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. மனப்பாடம் பண்ணியது ஒன்றும் நினைவில்லை. சமையலறை வாசலில் அக்காவுக்குச் சொன்னதையே இங்கிலீஷில் எழுதிவிட்டு வந்தேன்.

பாஸ், மூன்றாம் வகுப்பு. உயர்நிலைப்பள்ளி வேலை கிடைக்க அப்புறமும் சில வருஷங்கள் ஆயின. அங்கே டேனியர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 'ஹி கோ' இல்லை, 'ஹி கோஸ்' என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்ல வேண்டியிருந்தது. வால்கள் எல்லாம் உதிர்ந்த பாஷையில் அந்த ஒரு 'ஸ்' மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சலிப்பாக இருக்கும். திருத்திவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போவேன்.